இன்யோ கவுன்டி: அங்கே வாழ்பவர்களுக்குச் சொந்தமில்லாத நிலம்

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இன்யோ கவுன்டி. பரப்பு சுமார் 26,500 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் 58 கவுன்டிகளில், அதாவது மாவட்டங்களில், பரப்பளவில் இது இரண்டாவது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,016. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட இல்லை. நகராட்சியாக அமைந்த ஊர் பிஷப் ஒன்றுதான். அதன் எல்லைக்குள் 3,819 பேர். ஆனால் கவுன்டி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஊரிலும் அதைச் சுற்றியும்தான் குடியிருக்கிறார்கள். தலைநகர் இண்டிபெண்டன்ஸ் அதைவிடவும் சிறிய ஊர்.

இந்தக் கவுன்டியைப் புரிந்துகொள்ள மக்கள்தொகையைவிட நில உடைமைக் கணக்குதான் உதவும். நிலத்தில் ஏறத்தாழ 92 விழுக்காடு அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம்: மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, இன்யோ தேசிய வனம், நில மேலாண்மைத் துறை, சைனா லேக் கடற்படை ஆயுதத் தளம். இன்னொரு 4 விழுக்காடு, சுமார் 2.5 லட்சம் ஏக்கர், 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியின் நீர்-மின் துறைக்குச் சொந்தம். மாநில அரசுக்குச் சுமார் 2 விழுக்காடு. தனியார் கையில் இருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மாநகராட்சியின் பங்கு 4 விழுக்காடுதான் என்றாலும், அது ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தரை. தண்ணீர் பாய்வதும், ஊர்கள் இருப்பதும், விளைவதும் அங்கேதான். எஞ்சியதில் பெரும்பகுதி மலையும் பாலையும்.

மலையும் மழை மறைவும்

மேற்கிலிருந்து கிழக்காகப் போனால் நில அமைப்பு விளங்கும். முதலில் சியரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சியான விட்னி 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அங்கிருந்து நிலம் செங்குத்தாக இறங்கி 1,100 முதல் 1,250 மீட்டர் உயரத்திலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிற்கிறது. எதிர்ப்புறம் வெள்ளை மலைகளும் இன்யோ மலைகளும் மறுபடி எழுகின்றன. வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டுகளைத் தாண்டிய பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன. அவற்றையும் பனமின்ட் மலைகளையும் கடந்தால் மரணப் பள்ளத்தாக்கு. அங்கே பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. விட்னிக்கும் பேட்வாட்டருக்கும் நேர்கோட்டில் சுமார் 136 கிலோமீட்டர்தான்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியராவின் மேல் ஏறும்போதே பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையின் மறுபக்கம் மிஞ்சுவது சொற்பம். பள்ளத்தாக்குத் தரையில் ஆண்டு மழை 125 முதல் 150 மில்லிமீட்டர். மரணப் பள்ளத்தாக்கில் சுமார் 50. அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்ச வெப்பப் பதிவாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே விவசாயம் மழையை நம்பியதல்ல. மே முதல் ஜூலை வரை பனி உருகி ஓடைகளாக இறங்கும். அந்த ஓடைகள்தாம் எல்லாம். பிஷப், பிக் பைன், இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் ஆகிய நான்கு ஊர்களும் தத்தம் பெயருள்ள ஓடை மலையடிவாரத்தைத் தொடும் இடத்தில் அமைந்தவை.

ஓடைகள் மலையிலிருந்து இறங்குமிடத்தில் கல்லும் மணலும் விசிறி வடிவில் படிந்திருக்கின்றன. ஓடைநீரில் பெரும்பங்கு அந்தப் படிவத்துக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. விசிறியின் கீழ் விளிம்பில் களிமண் அடுக்கோ நிலப்பிளவோ குறுக்கிடும் இடத்தில் அது ஊற்றாகப் பீறிடும். பள்ளத்தாக்கின் பழைய புல்வெளிகள் இப்படி வந்த நீரில் வளர்ந்தவை. நீர்மட்டம் சில மீட்டர் இறங்கினாலே புல்லின் வேருக்கு எட்டாது. 1970க்குப் பிறகு ஊற்றுகள் வற்றிப் புல்வெளிகள் அழிந்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

பள்ளத்தாக்கே இரண்டு பிளவுகளுக்கு நடுவே சரிந்து இறங்கிய நிலத்தொகுதி. 1872 மார்ச் 26 அதிகாலையில் அங்கே நிலப்பிளவு ஒன்று நகர்ந்து நிலம் நடுங்கியபோது லோன் பைனில் 27 பேர் இறந்தார்கள். சுட்ட செங்கல் இல்லாமல் பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகள் ஆட்டத்தைத் தாங்காமல் உறங்கியவர்கள் மேல் விழுந்ததே உயிர்ச்சேதத்துக்குக் காரணம்.

முதல் பாசனம்

பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் தங்கள் மண்ணைப் பாயாஹூனாடு என்கிறார்கள். ஓடும் நீரின் நிலம் என்று பொருள். குடியேறிகள் வருமுன்பே அவர்கள் பிஷப் ஓடையில் பாறை, புதர்க்கட்டை, மண் கொண்டு கொரம்பு என்னும் தற்காலிகத் தடுப்பணை கட்டி, கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினார்கள். அவர்கள் எதையும் விதைக்கவில்லை. தானாக வளரும் ஒருவகைக் கோரைக் கிழங்குக்கும் காட்டுப்பூக் கிழங்குக்கும் நீர் விட்டு விளைச்சலைப் பெருக்கினார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர் கூடி ஒருவரை நீர்ப்பாய்ச்சியாகத் தேர்ந்தெடுக்கும். கொரம்பு கட்டுவது ஊரின் வேலை, நீர் திருப்புவது அவர் வேலை. வடக்கு வயல் ஓராண்டு, தெற்கு வயல் மறு ஆண்டு என மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். அறுவடைக்கு முன் கொரம்பைத் திறந்துவிட்டால் வாய்க்காலில் தங்கிய மீன்களும் கிடைக்கும்.

1861ல் மாட்டு மந்தைகளோடு வெள்ளையர் வந்தார்கள். அவ்வாண்டின் குளிர்காலம் கடுமையாக இருந்தது. மக்கள் உண்ணும் கிழங்கும் புல்விதையும் விளையும் அதே நிலத்தை மாடுகள் மேய்ந்தன. பசித்தவர்கள் மாட்டைக் கொன்று தின்றார்கள். அதிலிருந்து போர் மூண்டது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் அங்கே முகாம் அமைத்தது. இண்டிபெண்டன்ஸ் என்ற ஊர்ப்பெயர் அதன் வழி வந்ததுதான். 1863 ஜூலையில் ஆயிரம் பேருக்கு நெருக்கமான பையூட் மக்களைக் கோடை வெயிலில் 300 கிலோமீட்டருக்கும் மேல் டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றார்கள். வழியில் பலர் இறந்தனர், பலர் தப்பினர். பிழைத்தவர்கள் மெல்லத் திரும்பி வந்து, தங்கள் வாய்க்கால்கள் ஓடிய நிலத்திலேயே பண்ணைக் கூலிகளானார்கள். கவுன்டி 1866ல் உருவானது.

வெள்ளியும் ரயிலும்

லாஸ் ஏஞ்சலஸோடு இன்யோவின் உறவு தண்ணீரில் தொடங்கவில்லை, வெள்ளியில் தொடங்கியது. இன்யோ மலையில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள செர்ரோ கோர்டோவில் 1865ல் வெள்ளியும் ஈயமும் கலந்த தாது கிடைத்தது. அங்கேயே உலை வைத்து உருக்கி, ஒவ்வொன்றும் சுமார் 38 கிலோ எடையுள்ள பாளங்களாக வார்த்தார்கள். 1872 முதல் நீராவிப் படகு அவற்றை ஓவன்ஸ் ஏரி வழியே கடத்தியது. பிறகு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டித்தொடர் லாஸ் ஏஞ்சலஸுக்கு இழுத்துச் சென்றது. திரும்பும் வண்டிகளில் தானியமும் சரக்கும் வந்தன. அன்று சில ஆயிரம் பேரே இருந்த அந்நகரின் வணிகத்துக்கு இந்த வண்டிப்பாதை பெரிய ஆதாரமாயிற்று. உலைகளுக்குக் கரி வேண்டி மலைகளின் பைன் மரங்கள் வெட்டப்பட்டன. 1870களின் இறுதியில் நல்ல தாது தீர்ந்தது, விலையும் சரிந்தது.

1883ல் வடக்கே நெவாடாவிலிருந்து குறுகிய அகல ரயில் பாதை ஏரிக்கரையின் கீலர் வரை வந்தது. குதிரைமசால், சோளம், ஆப்பிள், தேன் எல்லாம் நெவாடாவின் சுரங்க ஊர்களுக்குப் போயின. தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் சந்தைக்கு ரயில் இல்லை. வாய்க்கால் சங்கங்கள் பெருகின, பண்ணைகள் நன்றாகவே நடந்தன. ஆனாலும் அவை நடுத்தரப் பண்ணைகள். பணம் புரண்ட மாவட்டம் என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் பெரிதாக ஓடிய சுரங்கம் பிஷப் அருகே பைன் கிரீக் டங்ஸ்டன் சுரங்கம். அதுவும் உலக விலை வீழ்ச்சியில் 1990ல் நின்றது.

ஆறு நகரத்துக்குப் போன விதம்

லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை 1900ல் 1,02,479, 1910ல் 3,19,198. உள்ளூர் ஆறு போதவில்லை. 1904ல் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டனும் நீர்த்துறைத் தலைவர் வில்லியம் மல்ஹாலண்டும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கைப் பார்வையிட்டார்கள். அதே காலத்தில் மத்திய அரசின் நிலமீட்புத் துறை அங்கே பாசனத் திட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தது. ஈட்டன் நிலமும் நீருரிமையும் வாங்கியபோது, அது மத்தியத் திட்டத்துக்காக என்றே பலர் நம்பி விற்றனர். 1905 ஜூலை இறுதியில் செய்தித்தாள் வெளியிட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. 1907ல் நகர வாக்காளர்கள் 2.3 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 1908ல் தொடங்கிய கால்வாய் 1913 நவம்பர் 5ல் திறக்கப்பட்டது. 375 கிலோமீட்டர் நீளம். வினாடிக்கு 485 கன அடி கொள்ளளவு. வழி முழுதும் ஒரு பம்பும் இல்லாமல் சரிவிலேயே ஓடுகிறது. பொறியியலாக அது மகத்தான வேலை என்பதை மறுப்பதற்கில்லை.

பெரும்பாலான விவரிப்புகள் 1913லேயே பள்ளத்தாக்கு காய்ந்ததாகச் சொல்கின்றன. அது சரியல்ல. கால்வாயின் தலைமதகு பிக் பைனுக்குத் தெற்கே இருக்கிறது. அதற்கு மேலே வடக்கில் இருந்த பண்ணைகள் தங்கள் வாய்க்கால்களில் முன்போலவே நீர் எடுத்தன. எஞ்சியதுதான் நகரத்துக்குப் போனது. மதகுக்குக் கீழே ஆறும் ஏரியும் உடனே பட்டினியாயின. மேலே இருந்த விவசாயிக்குச் சிக்கல் பத்தாண்டு கழித்தே வந்தது. 1920களின் தொடக்கத்தில் பனி குறைந்தது. நகர மக்கள்தொகை 1930க்குள் 12 லட்சத்தைத் தாண்டப் போய்க்கொண்டிருந்தது. மேல்மடைக்காரர்கள் எடுத்தபின் மதகுக்கு மிஞ்சியது போதவில்லை. ஆகவே 1923 முதல் நகரம் வாய்க்கால்களையே வாங்கத் தொடங்கியது.

ஒரு வாய்க்கால் சங்கத்தை உடைப்பது கடினமில்லை. தூர்வாருவதும் மதகு பழுதுபார்ப்பதும் உறுப்பினர்கள் பங்கிட்டுச் செய்யும் வேலை. பாதிப்பேர் விற்றுவிட்டால் மீதிப்பேரால் செலவைத் தாங்க முடியாது. கடைமடைக்குப் போதிய நீர் ஓடவும் ஓடாது. ஒட்டுத்துணி போல இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்கியதன் விளைவு, விற்க மனமில்லாதவரும் விற்க வேண்டியதாயிற்று. கொடுத்த விலை பல இடங்களில் சந்தை விலைக்கு மேல்தான். அதனால் இதைத் திருட்டு என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது பொருந்தாது. ஆனால் பண்ணைகள் போனபின் ஊர்க் கடைக்காரருக்கும் கொல்லருக்கும் ஆசிரியருக்கும் இழப்பீடு யார் தருவது என்ற கேள்விக்கு அன்று சட்டத்தில் விடை இருக்கவில்லை.

1924 மே மாதம் கால்வாய்க்கு முதல் வெடி வைக்கப்பட்டது. நவம்பரில் உள்ளூர் மக்கள் லோன் பைனுக்கு வடக்கே அலபாமா மதகைக் கைப்பற்றி, கால்வாய் நீரைப் பழைய ஆற்றுக்குள் திறந்துவிட்டு நான்கு நாள் அங்கேயே சமைத்து உண்டார்கள். 1927லும் வெடிகள் தொடர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் மூடப்பட்டன. கையாடல் குற்றத்தில் இருவரும் சிறை சென்றார்கள். மக்களின் சேமிப்பு அதோடு கரைந்தது, எதிர்ப்பும் முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் பண்ணை நிலத்தில் 95 விழுக்காடும் ஊர்மனைகளில் 85 விழுக்காடும் நகரத்தின் கையில் இருந்தன. பின்னர் மனைகளில் ஒரு பகுதியை நகரம் திருப்பி விற்றது. நீருரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இப்படி வாங்கிய நிலங்களில் ஒன்று மான்சனார் ஆப்பிள் தோட்டம். 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் 10,000க்கும் மேற்பட்டோரை மத்திய அரசு அங்கே முள்வேலிக்குள் அடைத்து வைத்தது. இன்று அது தேசிய வரலாற்றுத் தலம்.

கிணறுகளும் ஒப்பந்தமும்

1970ல் வினாடிக்கு 290 கன அடி கொள்ளளவுள்ள இரண்டாவது கால்வாய் வந்தது. அதை நிரப்ப ஆழ்துளைக் கிணறுகள் இயங்கின. சில ஆண்டுகளில் பெரிய ஊற்றுகள் வற்றின. புல்வெளிகள் புதர்க்காடாக மாறின. கவுன்டி 1972ல் கலிபோர்னியாவின் புதிய சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. நீண்ட வழக்காடலுக்குப் பின் 1991ல் இரு தரப்பும் நீர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1997ல் அது நீதிமன்றத்தில் நிலைபெற்றது.

அதன் வேலைமுறை இது: 1984–87ல் தாவர வரைபடம் தயாரிக்கப்பட்டது. அந்த நிலையிலிருந்து செடிகள் குறையக்கூடாது என்பது இலக்கு. கிணறுகள் கண்காணிப்பு இடங்களோடு இணைக்கப்பட்டன. அங்கே மண்ணின் ஈரம் செடிகளின் தேவைக்குக் கீழே போனால் இணைந்த கிணறு நிற்க வேண்டும். ஈரம் மீண்டால் ஓடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பழுதும் இதிலேயே இருக்கிறது. மண்ணின் மேலடுக்கு ஒரு நல்ல பனியாண்டில் நனைந்துவிட்டால், நீர்மட்டம் ஆழத்தில் இருந்தபோதும் கிணறு தொடரலாம். மீன்பண்ணைக்கும் ஊர்க் குடிநீருக்குமான சில கிணறுகளுக்கு விலக்கும் உண்டு. புல் குறைந்ததற்குக் காரணம் கிணறா வறட்சியா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போவது அரிது.

ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றின் 100 கிலோமீட்டர் தூரத்தில் மீண்டும் நீர் விடப்பட்டது. தாமதத்துக்காக நீதிமன்றம் நகரத்துக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டிருந்தது. நிலையான ஓட்டம் வினாடிக்கு 40 கன அடி. பறவைகளும் மீன்களும் திரும்பின. ஆனால் வெள்ளம் இல்லாத சீரான ஓட்டம் கோரைக்கும் சம்புக்கும் மிகவும் பிடித்துப்போனது. அவை ஆற்றையே அடைத்துக்கொள்கின்றன. அடியில் சேர்ந்த கரிமச் சேறு கோடையில் கலங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும்.

ஏரியின் தூசு

ஓவன்ஸ் ஆற்றுக்குக் கடல் வழி இல்லை. அது சேர்ந்த ஏரி சுமார் 285 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்தது. 1920களின் நடுவில் அது வற்றி, நடுவே உப்புக்குழம்பு மட்டும் மிஞ்சியது. பத்து மைக்ரானுக்கும் நுண்ணிய தூசுக்கு அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஒற்றை மூலமாகப் பல பத்தாண்டுகள் அந்தப் படுகை இருந்தது. மத்திய அரசின் வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம். கீலரில் அதைப் பன்மடங்கு தாண்டிய நாட்கள் இருந்தன.

தூசு எழுவது கோடையில் அல்ல. கோடையில் உப்புப் பொருக்கு கெட்டியாக இறுகிக் கிடக்கும். குளிர்கால ஈரத்தில் சோடியம் சல்பேட்டும் கார்பனேட்டும் நீரை உள்ளிழுத்துப் படிகமாகி உப்புகின்றன. வெயில் பட்டு அந்த நீர் வெளியேறியதும் மாவுபோல் பொடிந்துபோகின்றன. காற்றில் துள்ளி வரும் மணல் பொருக்கை உடைக்க, பொடி மேலெழுகிறது. ஆகவே அக்டோபர் முதல் ஜூன் வரைதான் தூசுப் பருவம்.

தூசைத் தடுப்பது பற்றிய 1998 உடன்பாட்டுக்குப் பின் 2001ல் நகரம் தடுப்பு வேலையைத் தொடங்கியது. வழிகள் மூன்று. நீர் விடும் பகுதியில் முக்கால் பங்காவது நனைந்திருக்கும்படி மெல்லிய நீர் பரப்புவது முதலாவது. இரண்டாவது உப்புப்புல் வளர்ப்பது. இதற்கு முதலில் நல்ல நீர் விட்டு மண்ணின் உப்பைக் கழுவ வேண்டும், சொட்டுநீர்க் குழாயோடு வடிகால் குழாயும் புதைக்க வேண்டும். வடிகால் பிசகினால் அடியிலிருந்து உப்பு ஏறிப் புல் கருகும். மூன்றாவது, பத்து சென்டிமீட்டர் தடிமனில் சரளை போர்த்துவது. நீரே வேண்டாம், ஆனால் உயிரினத்துக்கு அங்கே இடமில்லை. மண்ணை ஆழ உழுது கட்டிகளாக விடும் முறையும் உண்டு. கட்டிகள் கரையத் தொடங்கினால் மறுபடி நீர் விட வேண்டியதுதான். சில ஆண்டுகளில் இந்த வேலைக்கே 60,000 ஏக்கர்-அடிக்கு மேல் நீர் போயிற்று. ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மெல்லிய நீர்ப்பரப்பில் உப்பு ஈக்கள் பெருகி, வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. தூசுக்காக விட்ட நீர் பறவைக்கும் வாழ்விடமாகிவிட்டதால், இனி அதைக் குறைக்கவும் எளிதில் முடியாது.

கவுன்டி எதில் ஓடுகிறது

நிலவரி கட்ட நிலச்சொந்தக்காரர் வேண்டும். மத்திய அரசு நிலத்துக்கு வரி கிடையாது. அதற்கு ஈடாக 1976 முதல் ஒரு தொகை வருகிறது. ஆனால் அதன் உச்சவரம்பு மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பரந்த நிலமும் குறைந்த மக்களும் உள்ள கவுன்டிக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் கிடைப்பது மிகச் சொற்பம். லாஸ் ஏஞ்சலஸ் மட்டும் வரி கட்டுகிறது. தன் எல்லைக்கு வெளியே ஒரு நகரம் வாங்கும் நிலம் வாங்கியபோது வரிக்குட்பட்டிருந்தால் பிறகும் வரி உண்டு என்று 1914ல் மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 1968ல் அதற்கு ஒரு சூத்திரம் வந்தது: 1960களில் இருந்த மதிப்பை மாநிலத்தின் தலைக்குரிய சொத்து மதிப்பு வளரும் வேகத்தில் உயர்த்துவது. உள்ளூர்ச் சந்தையில் நிலவிலை என்ன ஆனாலும் வரி அந்தச் சூத்திரத்தின்படியே ஏறும்.

இன்னொரு பெரிய வரிமூலம் கோசோ புவிவெப்ப மின்நிலையம், 1987 முதல். அங்கே எடுக்கும் நீராவியில் ஒரு பகுதி குளிர்கோபுரத்தில் ஆவியாகிப் போவதால் தரைக்குள் திரும்பும் நீர் குறைகிறது. உற்பத்தியும் அதனால் இறங்கியது. 2009 முதல் ரோஸ் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரைக் குழாயில் கொண்டுபோய் உள்ளே செலுத்துகிறார்கள். மின்சாரம் இறங்கினால் கவுன்டியின் வரியும் இறங்கும்.

மிச்சம் சுற்றுலா. விடுதி அறைக்கு 12 விழுக்காடு வரி. மரணப் பள்ளத்தாக்கு, விட்னி மலை, பிஷப் அருகே பாறையேற்றம், மீன்பிடிப்பு, மே இறுதியில் கோவேறு கழுதைத் திருவிழா எல்லாம் ஆளை இழுக்கின்றன. லோன் பைன் அருகே அலபாமா குன்றுகளில் 1920 முதல் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. ஹாலிவுட் அந்தப் பாறைகளை இந்தியாவின் வடமேற்கு எல்லைக் கணவாயாகவும் காட்டியிருக்கிறது. ஆனால் விட்னி பாதையில் மே முதல் அக்டோபர் வரை நாளொன்றுக்கு ஒருநாள் ஏற்றத்துக்கு 100 பேர், தங்கிச் செல்ல 60 பேர் என்று குலுக்கலில் அனுமதி. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் மழையால் மரணப் பள்ளத்தாக்குப் பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. இப்படி ஒரு சாலை மூடினால் விடுதி வரி நேரடியாக அடிவாங்கும். மாட்டுப் பண்ணைகள் பெரும்பாலும் நகரத்தின் குத்தகை நிலத்தில் நடக்கின்றன. 2015 வறட்சியில் அவற்றின் பாசன நீர் பாதிக்கு மேல் வெட்டப்பட்டது. குத்தகை நிலத்தில் நீண்டகால முதலீடு செய்யும் துணிவு பண்ணையாளருக்கு எப்படி வரும்?

இன்று எல்லோரையும் அழுத்துவது வீடு. பிஷப்பைச் சுற்றி நாலாபுறமும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நிலம். ஊர் வளர இடமில்லை. செவிலியரும் ஆசிரியரும் வேலை கிடைத்தும் வீடு கிடைக்காமல் வர மறுக்கிறார்கள். நகரம் நிலத்தை விற்க முன்வந்தாலும், 1945ன் மாநிலச் சட்டப்படி இருக்கும் குத்தகைதாரருக்கே முதல் உரிமை. 2021 டிசம்பரில் வணிக விமானம் இறங்கத் தொடங்கிய பிஷப் விமான நிலையத்தின் நிலமும் லாஸ் ஏஞ்சலஸுடையது. குப்பைக் கிடங்கு நிலமும் அப்படியே. 2017ல் மூன்று கிடங்குகளை நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கக் கவுன்டி முயன்றது. சுற்றுச்சூழல் ஆய்வு சரியாகச் செய்யவில்லை என்று நகரம் வழக்குப் போட்டு 2021ல் மேல்முறையீட்டிலும் வென்றது. 1972ல் கவுன்டி நகரத்தின் மேல் பாய்ச்சிய அதே சட்டம்தான். பள்ளத்தாக்கு வீடுகளால் நிரம்பாமல் திறந்த வெளியாக இருப்பதற்கு நகரத்தைப் பாராட்டுவோர் உண்டு. நீருக்காக வாங்கியதன் பக்கவிளைவு அது. அதைக் கொடையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கணக்கில் மிகப் பழைய நிலுவை பையூட் மக்களுடையது. 1912ல் அவர்களுக்கென ஒதுக்கிய சுமார் 67,000 ஏக்கரை, லாஸ் ஏஞ்சலஸின் நீர்ப்பிடிப்பைக் காக்க வேண்டி 1932ல் மத்திய அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 1937ன் சட்டப்படி 1939ல் நடந்த நிலமாற்றத்தில் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய மூன்று குடியிருப்புகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,400 ஏக்கருக்கும் குறைவு. நீருரிமையை மாற்ற நகர வாக்காளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும் என்று நகரச் சாசனம் சொன்னதால் அது பரிமாற்றத்தில் சேரவில்லை. பிறகு பேசித் தீர்ப்பதாக விட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. பிஷப் ஓடையில் முதல் வாய்க்கால் வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் 875 ஏக்கரில் நெருக்கி வீடு கட்டிக்கொண்டு, நகரம் அளந்துவிடும் நீரில் இருக்கிறார்கள்.